இந்தா இருக்கேன்

எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. தொரை போட்ட சட்டம் இல்லை. அதனால்தான் எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ரப்பர் மலைக்குள் யாராவது கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக் கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. மூன்றாவதும் வந்தால் அது மனுசக் குரல், தாராளமாகப் பதில் சொல்லலாம். ஒரே தடவை கூப்பிட்டு நிறுத்துவது எதுவோ, அதற்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கொடகவெல டவுனில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். விடியக் காலையில் பால் வெட்டுகிற கத்தியோடு தனியாக மலைக்குள் வந்து பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும். பனி இறங்கிவிட்டால் கைக்கு எட்டுகிற மரம் மட்டும்தான் தெரியும். எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, “ஏ...ய்” என்று கூப்பிடுவதுதான். அதனால் எங்களுக்கு மூன்று தடவை கூப்பிட்டுப் பழக்கம். என் மகன் வீட்டுக்குள் தண்ணீர் கேட்பதற்குக்கூட மூன்று தடவை கத்துவான்.

சுனாமி வந்த அடுத்த வருசம் எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவுக்கு அனிற்றா மருமகளாக வந்தாள். ரம்புக்கனைப் பெண். அந்த வீட்டுப் பையன் ஸ்டீபன் எங்கே போய் அவளைப் பிடித்தானோ தெரியாது. கொழும்பில் வேலை செய்த காலத்துப் பழக்கம் என்று பேச்சு. இந்தப் பையனுக்கு இவ்வளவு வாய்க்காரி எப்படிச் சரிப்படும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் தோட்டத்து மடுவக் கொட்டகையில் பால் வடித்து நிறுக்கிற வேலையில் இருந்தான். நாள் முழுக்கப் பேசினாலும் ஒரு வாளி வார்த்தை தேறாது. அவளோ கோழியோடுகூடப் பேசுவாள்.

புதுசாக வந்தவள் என்பதால் அவளுக்குப் பால் வெட்ட மேட்டு மலையைக் கொடுத்தார்கள். யாரும் விரும்பி எடுக்காத மலை அது. ஏற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த மலையின் ஓரத்தில்தான் மேட்டு லயம் இருந்தது. இப்போது அங்கே மானாப்புல்லும் பன்னப் பற்றைப் புதரும்தான் இருக்கின்றன.

தொண்ணூற்று மூன்றில் பெரிய மழைக்கு மலை சரிந்து அந்த லயத்தை அப்படியே மூடிவிட்டது. விடிந்ததும் எல்லோரும் மண்வெட்டியோடு ஓடினோம். எங்கள் கங்காணி இராமசாமி மாமா முன்னால் நின்று தோண்டினார். அவருடைய தங்கச்சி விஜயகலாவை, கை நிறையக் கண்ணாடி வளையலோடு, அந்த லயத்துக்குத்தான் புதுசாகக் கட்டிக்கொடுத்திருந்தார். தோண்டிக்கொண்டிருக்கும்போது மண்ணுக்குள்ளே இருந்து “ஏ...ய்” என்று ஒரு குரல் வந்தது. ஒரே ஒரு தடவை. மாமா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். “பொறுங்க. மூணு வரட்டும்” என்றார். பொறுத்தோம். வரவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் தோண்டப் போனோம்.

விஜயகலா கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பனி இறங்குகிற காலைகளில் மேட்டு மலைப் பக்கம் அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. ஒரு தடவை கூப்பிடும். நிறுத்திவிடும். மாமா முன்னைவிடக் கடுமையாகச் சட்டம் பேசினார். யாராவது வாய் தவறிப் பதில் சொன்னால் அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னது இல்லை.

அனிற்றாவின் முதல் நாள் வேலை. நான் கீழ் மலையில் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து அந்தக் குரல் வந்தது, மெல்லிசாக, அடித்தொண்டையில் இருந்து இழுத்த மாதிரி. சுற்றிலும் இருந்த கத்திச் சத்தம் எல்லாம் நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது போகட்டும் என்று காத்திருந்தோம். அப்போது பனிக்குள் இருந்து இன்னொரு குரல், உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வது போலச் சொன்னது.

“இந்தா இருக்கேன்!”

என் கையில் இருந்த கத்தி நழுவிக் காலடியில் விழுந்தது. மடுவத்தில் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஒனக்குப் பைத்தியமா புள்ள? யாருன்னே தெரியாம பதில் சொல்லுவியா?”

“யாருன்னு தெரிஞ்சாத்தான் சொல்லணுமாக்கா?” என்றாள். “எங்க ஊர் ஸ்டேஷன்ல ஏத்தத்துக்கு முந்தி ரயிலுக்குப் பின்னால இன்னொரு எஞ்சின் பூட்டுவாங்க. முன் எஞ்சின் கூவும். பின்னால உள்ளது பதிலுக்குக் கூவாட்டி அது நகராது. நான் சின்னதுல இருந்து அதைக் கேட்டுத்தான் எந்திரிப்பேன். கூப்பிட்டது சும்மா நிக்கிறத எனக்குக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுக்கா.”

இராமசாமி மாமா அவள் முன்னால் வந்து நின்றார். “அந்த மலையில வாயத் தொறக்காத. தொறந்தா வேற மலைக்கு மாத்திருவேன்.”

“மாத்துங்க மாமா, புண்ணியமாப் போகும். எனக்கு ஏத்தமாவது கொறையும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. மாற்றவும் இல்லை. அந்த மலைக்கு வேறு யார் போவார்கள்?

அவள் ஒவ்வொரு காலையும் பதில் சொன்னாள். முதலில் நாங்கள் கத்தியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தோம். அப்புறம், எதுவும் நடக்காததால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. குரல் கூப்பிடும். இவள் “இந்தா இருக்கேன்” என்பாள். எங்கள் கத்திகள் மறுபடி ஓடும்.

“பதில் சொன்ன பெறகு ஒரு சத்தம் கேக்குமேக்கா, ஒங்களுக்குக் கேக்கலையா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“என்ன சத்தம்?”

“பெருமூச்சு விடுற மாதிரி. சொமைய எறக்கி வச்சுட்டு விடுவோம்ல, அப்படி.”

அதை அவள் சொன்ன விதத்தில் பயமே இல்லை. எனக்குத்தான் கை ரோமம் எழுந்து நின்றது.

இன்னொன்றும் சொன்னாள். எங்கள் மலைகளில் பன்றி வந்து பால் விழுகிற சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டுப் போகும். காலையில் முதல் வேலையே அவற்றைத் தேடி எடுத்துத் துடைத்து மறுபடி பொருத்துவதுதான். மேட்டு மலையில் மட்டும் சிரட்டைகள் எல்லாம் நிமிர்ந்து இருக்கின்றனவாம், உள்ளே ஒரு சருகுகூட இல்லாமல். கேலி செய்கிறாள் என்று நினைத்து நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மண் சரிந்த பக்கத்து வரிசைகளில் ஒவ்வொரு சிரட்டையும் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்பக்கம் விரல் தடம். செம்மண் விரல் தடம், இன்னும் ஈரமாக. என் மலையிலும் அவள் மலையிலும் மண் கறுப்பு. செம்மண் இருப்பது அந்த லயத்தை மூடிய சரிவில் மட்டும்தான்.

“யாரோ ஒத்தாசை பண்றாங்க” என்றாள் அனிற்றா. “நான் என்ன பெருசா செஞ்சேன், ஒரு வார்த்தைதானே?”

நான் சிரட்டையை வைத்துவிட்டு விறுவிறு என்று இறங்கி வந்துவிட்டேன். வரும் வழியில் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனி மாதம் அது. அன்று காலை வானம் வெளுத்துத்தான் இருந்தது, அதனால் பால் வெட்டினோம். சிரட்டை பாதி நிறைவதற்குள் பெல்மதுளைப் பக்கம் இருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், அன்றைய பாடு வீண். ஆளுக்கொரு பக்கம் ஓடி, கிடைத்ததை வாளியில் ஊற்றிக்கொண்டு மடுவத்துக்குள் நுழைவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

மடுவத்தில் ஸ்டீபன் பால் நிறுத்துக்கொண்டிருந்தான். பால் ஏற்ற வந்த பவுசர் லொறியின் டிரைவர் குணபால, வெளியே போக முடியாமல் எங்களோடு ஒதுங்கி நின்றான். மாமா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

அந்தக் குரல் மட்டும் கேட்டது.

“ஏ...ய்.”

ஒரு தடவை. மேட்டு மலைப் பக்கம் இருந்து. எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றோம். ஆனால் எனக்கு என்னவோ செய்தது. தினமும் கேட்கிற குரல் அடித்தொண்டைக் குரல். இது கீச்சென்று இருந்தது, பாதியில் அறுந்துபோனது.

“மாமா, இது அனிற்றா கொரல் மாதிரி இல்ல?” என்றேன்.

“மழை நாள்ல அது இப்படித்தான் கேக்கும்.”

“ஸ்டீபன், ஒன் பொஞ்சாதி எங்கடா?”

“மழை வந்தா அவ அந்தப் பக்கமா எறங்கி லயத்துக்குப் போயிருவாக்கா” என்றான் அவன். சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தான்.

“பால் வாளியோடயா போவா? அவ வாளி இன்னும் இங்க வரலையே!”

ஸ்டீபன் வரிசையாக இருந்த வாளிகளைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. வெளியே இறங்கப் போனவனை மாமா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“பொறு. மூணு வரட்டும்.”

சொன்ன மறுகணம் அவர் வாய் அப்படியே திறந்தபடி நின்றது. அதே வார்த்தை. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தச் சேற்றின் மேல் நின்று சொன்ன அதே வார்த்தை. எனக்கு நினைவு வந்தது போல அவருக்கும் வந்திருக்க வேண்டும். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை. சட்டம் என்பது அப்படித்தான், ஒரு வயதுக்கு மேல் அது நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது கூப்பாடு வரவில்லை. மழை மட்டும் பெய்தது. நான் மனதுக்குள் கடவுளே, கூப்பிடு புள்ள, இன்னும் ஒருக்கா கூப்பிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது மலையில் இருந்து பதில் வந்தது.

“இந்தா இருக்கேன்.”

அனிற்றா தினமும் சொல்கிற அதே வார்த்தை. சொன்னது அனிற்றா இல்லை. தினமும் கூப்பிடுகிற அந்த அடித்தொண்டைக் குரல். இத்தனை வருசத்தில் அது “ஏய்” என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதே இல்லை. குணபால கழுத்தில் இருந்த பஞ்சாயுதத் தாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஹொல்மன்... அம்மே, ஹொல்மன்” என்று பேய்க்குச் சிங்களத்தில் சொல்கிற பேரை முணுமுணுத்தான்.

“ஏ...ய்” என்றது அது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “ஏ...ய்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது ஒருநாளும் இரண்டு தடவை கூப்பிட்டது இல்லை. மாமாவின் கையில் இருந்து வெற்றிலை விழுந்தது.

மூன்றாவது தடவை அது “ஏய்” என்று கூப்பிடவில்லை.

“அண்ணே!” என்றது.

மாமா ஒரு சத்தம் போட்டார். அது அழுகையா கூப்பாடா தெரியாது. “வர்றேன்! வர்றேன் புள்ள!” என்று கத்திக்கொண்டு மழைக்குள் பாய்ந்துவிட்டார். செருப்பும் இல்லை, தலையில் சாக்கும் இல்லை. மூட்டு வலி என்று ஊரெல்லாம் எண்ணெய் கேட்டுத் திரிகிற மனுசன் ஸ்டீபனுக்கும் முன்னால் ஓடினார். குணபால பவுசரில் கிடந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டான். பயந்து நடுங்கிக்கொண்டேதான் வந்தான், ஆனாலும் வந்தான்.

மேட்டு மலையில் அனிற்றாவின் வாளி கவிழ்ந்து கிடந்தது. பால் வெள்ளையாக மழைத் தண்ணீரோடு கான் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

“அனிற்றா!” என்று ஸ்டீபன் கத்தினான். பதில் இல்லை.

“இந்தா இருக்கேன்” என்றது குரல், சரிவின் பக்கம் இருந்து. நாங்கள் அங்கே போனோம். “இந்தா இருக்கேன்” என்றது இன்னும் உள்ளே இருந்து. பன்னப் பற்றை ஆளுயரத்துக்கு நின்றது, வழி இல்லை. மாமா கையால் கிழித்துக்கொண்டு போனார். திடீரென்று என்னைப் பின்னால் தள்ளினார். அவருடைய காலுக்கு முன்னால் தரை இல்லை.

மாணிக்கக் கல் எடுக்கிற குழி. தோட்டத்துக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகத் தோண்டி, கொப்பும் பன்னமும் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் பாவிகள். மழைக்குக் குறுக்கு வழியில் ஓடி வந்தவள் அதற்குள் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். செந்தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அனிற்றாவின் முகம் மட்டும் மேலே தெரிந்தது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டீபன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நானும் குணபாலவும் மாமாவும் இழுத்தோம். மேலே போட்டதும் அவள் இருமி இருமித் தண்ணீர் கக்கினாள். ஒரு கால் திரும்பிக் கிடந்தது. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

“ஒருக்காத்தான்க்கா கூப்பிட முடிஞ்சிச்சு. நெஞ்சுல அடி, மூச்சே வரல. எனக்குத் தெரியும், ஒருக்கா கூப்பிட்டா நீங்க யாரும் வர மாட்டீங்கன்னு.”

மாமா சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்புறம் மேல ஒருத்தி வந்து ஒக்காந்தா” என்றாள் அனிற்றா. “காலு ரெண்டையும் குழிக்குள்ள தொங்கப் போட்டுக்கிட்டு. ஒடம்பெல்லாம் செம்மண்ணு. மூஞ்சி தெரியல. ஒண்ணும் பேசல. எனக்குக் கண்ணு சொருகும்போது மட்டும் ‘இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கையை விடல.”

“கையில வளையல் இருந்திச்சா?” என்று கேட்டார் மாமா. குரல் அவருடையது போலவே இல்லை.

“மண்ணுதான் மாமா தெரிஞ்சிச்சு. ஆனா கையை ஆட்டும்போது சத்தம் கேட்டிச்சு. கண்ணாடி வளையல் மாதிரி.”

மாமா குழியின் விளிம்பைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மழையில் எல்லாம் கரைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலும் தண்ணீர் நிரம்பியது.

மழை விட்டு மறுபடி பால் வெட்டத் தொடங்கிய காலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. அனிற்றா கால் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மேட்டு மலைக்கு மாமா தானே கத்தியை எடுத்துக்கொண்டு போனார். கங்காணி கத்தி எடுத்து எத்தனை காலம்! யாரும் கேலி செய்யவில்லை. கீழ் மலையில் எங்கள் கைகள் வேலை செய்தனவே தவிர காதுகள் எல்லாம் மேலேதான் இருந்தன.

குரல் கூப்பிட்டது. வழக்கம் போல ஒரே தடவை.

கத்திகள் நின்றன. மாமாவால் முடியாது என்றுதான் நினைத்தேன். பிறகு உடைந்த குரலில் வந்தது.

“இந்தா இருக்கேன் கலா. அண்ணன் இந்தா இருக்கேன்.”

அன்றைக்குத்தான் அந்தப் பெருமூச்சு எனக்கும் கேட்டது. பக்கத்தில் நின்று விட்டது போலக் கேட்டது. மரத்தில் இருந்து பனி சொட்டுகிற சத்தமாகவும் இருக்கலாம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் கழுத்தில் அது சூடாகப் பட்டது.

அதற்குப் பிறகு மேட்டு மலையில் அந்தக் குரல் கூப்பிடுவது இல்லை. எங்கள் சட்டமும் போய்விட்டது. இப்போது யார் ஒரு தடவை கூப்பிட்டாலும் நாலு பக்கம் இருந்தும் பதில் வரும். சில நேரம் இந்தக் கூச்சலில் வேலையே ஓடாது. முதலில் பதில் சொல்வது மாமாதான். அனிற்றாவுக்கு ஏற்றம் ஏற முடியாது என்று மடுவத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஸ்டீபனுக்கும் சேர்த்து அவளே பேசுகிறாள்.

மேட்டு மலை இப்போது என்னிடம் இருக்கிறது. சிரட்டைகள் நிமிர்ந்தே இருக்கின்றன.

போன கிழமை கான் ஓரத்தில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை, ஆனாலும் வாய் தானாக “ஏ...ய்” என்றது. அன்று பக்கத்து மலைகளில் பால் வெட்டு இல்லை. சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. பற்றைக்குள் இருந்து பதில் வந்தது.

“இந்தா இருக்கேன்.”

பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். பிறகு சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, “சரி புள்ள, ஒண்ணுமில்ல, சும்மா வழுக்கிருச்சு” என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போனேன்.